வண்டி விலை: எதைப் பேசலாம், எதைப் பேச முடியாது?

ஷோரூமில் சொல்லப்படும் 'ஆன்ரோடு' விலை ஒரே தொகையாகக் காதில் விழுந்தாலும், அது ஏழெட்டுத் தொகைகளின் கூட்டல். அவற்றுள் சில, அரசும் ஒழுங்குமுறை ஆணையங்களும் விதித்தவை. அவற்றில் ஒரு ரூபாயைக்கூட டீலரால் குறைக்க முடியாது. மீதி, டீலரின் கையில் இருப்பவை. நியாயமான விலைக்கு வண்டி வாங்குவதன் அடிப்படை, இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான். பிரிக்கத் தெரியாதவர் மொத்தத் தொகையைப் பார்த்து, "கொஞ்சம் கொறைச்சுக் குடுங்க" என்கிறார். கொட்டேஷனின் ஒரு வரியில் ஆயிரம் ரூபாய் குறைகிறது. அவர் பார்க்காத இன்னொரு வரியில் இரண்டாயிரம் ஏறிவிடுகிறது.

தருமபுரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், ஒகேனக்கல் சாலையில் இருக்கும் பென்னாகரம் வட்டத்துக்கு இந்தக் கணக்கு மிகவும் தேவைப்படுகிறது. மானாவாரி நிலக்கடலையும் கேழ்வரகும் விளையும் பகுதி இது. ஏரியூர், பாப்பாரப்பட்டி பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம் பல வீடுகளில் முதல் வண்டியாகிறது. கல்யாணமும் வீடும் நீங்கலாக ஒரு குடும்பம் செய்யும் பெரிய செலவு அதுதான். அதில் ஐயாயிரம் ரூபாய் அதிகம் போனால், ஒரு கூலித் தொழிலாளியின் பல நாள் உழைப்பு போகிறது.

விலை பேசும் உரிமையே வாங்குபவருக்குப் பிற்பாடு வந்து சேர்ந்ததுதான். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தபோது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் நாட்டின் பெயர்பெற்ற ஸ்கூட்டர்களுக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைத்தால் போதும் என்றிருந்தவருக்குப் பேரம் பேச இடமில்லை. 1991க்குப் பிறகு போட்டி பெருகியது. ஒரே தரத்தில் நான்கைந்து கம்பெனி வண்டிகள் இருக்கும் இன்று, தேர்ந்தெடுக்கும் அதிகாரம் வாங்குபவரிடம் இருக்கிறது.

சட்டம் விதித்த தொகைகள்

முதல் தொகை எக்ஸ்-ஷோரூம் விலை. கம்பெனியின் விலையும், சட்டம் விதிக்கும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தது இது. 2025 செப்டம்பர் 22, நவராத்திரி தொடங்கிய நாள் முதல் இந்த ஜி.எஸ்.டி. மாறியது. 350 சி.சி. வரையுள்ள இருசக்கர வாகனங்களுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜி.எஸ்.டி. 18 ஆனது, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆனது. நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1,200 சி.சி. வரையுள்ள பெட்ரோல் கார்களும் 1,500 சி.சி. வரையுள்ள டீசல் கார்களும் 18 விழுக்காட்டுக்குள் வந்தன. பெரிய கார்களுக்கு 40. மின்சார வாகனங்களுக்கு முன்போலவே 5. டிராக்டருக்கு 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது.

இந்த வரிக்குறைப்பு அரசு தந்தது. இன்று 80,000 ரூபாய் எக்ஸ்-ஷோரூம் விலையுள்ள ஒரு பைக், பழைய வரியில் ஏறக்குறைய 86,780 ரூபாய் இருந்திருக்கும். இந்த 6,780 ரூபாயை டீலர் தன் தள்ளுபடியாகக் காட்டினால் அதை ஏற்கக் கூடாது. தள்ளுபடி என்பது இன்றைய எக்ஸ்-ஷோரூம் விலையிலிருந்து குறைப்பது.

இரண்டாவது, தமிழக அரசின் ஆயுட்கால வரி. 2023 நவம்பரில் இது உயர்த்தப்பட்டது. இருசக்கர வாகனத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை விலையில் 10 விழுக்காடு, அதற்கு மேல் 12. சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு 5 லட்சம் வரை 12 விழுக்காடு, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதனுடன் சாலைப் பாதுகாப்பு வரி என்ற சிறு தொகையும் உண்டு. படிநிலையின் எல்லையை ஒட்டி நிற்கும் வண்டிகளைக் கவனித்து வாங்க வேண்டும். ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும் உயர்ரக மாடலுக்குப் பதில் அதே பைக்கின் அடுத்த கீழ்நிலை மாடலை எடுத்தால், விலையோடு வரியின் விழுக்காடும் குறைகிறது. 10 லட்சம் எல்லையில் நிற்கும் காரில் இந்த வேறுபாடு பல பத்தாயிரங்களுக்குப் போகும்.

மூன்றாவது, பதிவுக் கட்டணம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாய், சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு 600 ரூபாய். பதிவுச் சான்றான ஆர்.சி. ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். கடனில் எடுத்தால் அதை ஆர்.சி.யில் பதிய இருசக்கர வாகனத்துக்கு 500, காருக்கு 1,500.

நான்காவது, மூன்றாம் நபர் காப்பீடு. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகளைக் குறைக்கக் கோரித் தொடுத்த பொதுநல வழக்கில், 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் விளைவாக, புது இருசக்கர வாகனத்துக்கு 5 ஆண்டும் புதுக் காருக்கு 3 ஆண்டும் இந்தக் காப்பீட்டை ஒரே தவணையில் எடுக்க வேண்டும். கட்டணம் எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் ஒன்றே. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 75 முதல் 150 சி.சி. வரையுள்ள பைக்குக்கு 5 ஆண்டுக்கு 3,851 ரூபாய். 150 முதல் 350 சி.சி. வரை 7,365 ரூபாய். 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு 3 ஆண்டுக்கு 6,521. 1,000 முதல் 1,500 சி.சி. வரை 10,640. இவற்றின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேரும்.

ஒரு மாதிரிக் கணக்கு

எக்ஸ்-ஷோரூம் விலை 80,000 ரூபாய் உள்ள 110 சி.சி. பைக் ஒன்றை ரொக்கத்துக்கு வாங்குவதாக வைத்துக்கொள்ளலாம். ஆயுட்கால வரி 8,000. ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு ஜி.எஸ்.டி.யோடு 4,544. பதிவும் ஸ்மார்ட் கார்டும் 500. கூட்டினால் 93,044 ரூபாய். சாலைப் பாதுகாப்பு வரி இதற்கு மேல் சில நூறு.

டீலர் 1,02,000 ரூபாய் என்று கொட்டேஷன் தருகிறார் என்றால், இடையில் இருக்கும் சுமார் 9,000 ரூபாய்தான் பேச வேண்டிய இடம். அதில் சொந்தச் சேதக் காப்பீடு, உரிமையாளருக்கான விபத்துக் காப்பீடு, எக்ஸ்ட்ரா பிட்டிங், ஹேண்ட்லிங் சார்ஜ், நீட்டிப்பு வாரண்டி என்று பல இருக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு, எது கட்டாயம், எது விருப்பம் என்று கேட்டாலே பேச்சின் போக்கு மாறிவிடும். ஒரு லட்சத்து இரண்டாயிரத்தில் 500 குறையுங்கள் என்று கெஞ்சுவதைக் காட்டிலும், ஒன்பதாயிரத்துக்குக் கணக்குக் கேட்பது வலுவான நிலை.

பேசக்கூடிய இடங்கள்

சொந்தச் சேதக் காப்பீட்டின் கட்டணத்தை 2007 முதல் நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்கின்றன. ஆகவே ஒரே வண்டிக்கு ஒரே பாதுகாப்பு, கம்பெனிக்குக் கம்பெனி வேறு விலையில் கிடைக்கும். காப்பீட்டை ஷோரூமிலேயே எடுத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குபவருடையது. தருமபுரியில் கிளையுள்ள பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்திலோ இணையத்திலோ ஒரு விலையைக் கேட்டு எழுதிக்கொண்டு போனால், ஷோரூம் பெரும்பாலும் அதை ஒட்டி இறங்கி வரும். ஒப்பிடும்போது வண்டியின் காப்பீட்டு மதிப்பு இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புது வண்டிக்கு இது வழக்கமாக எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 விழுக்காடு. இந்த மதிப்பைக் குறைத்துக் கட்டணத்தைக் குறைத்தால், வண்டி களவு போகும் நாளில் நட்டம் வாங்கியவருக்கே.

ஹேண்ட்லிங் சார்ஜ், டெப்போ சார்ஜ், ஆர்.டி.ஓ. செலவு என்ற பெயர்களில் வரும் தொகைகளை அடுத்துப் பார்க்க வேண்டும். கம்பெனி கிடங்கிலிருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் அடங்கியது. புது வண்டியைப் பதிவு செய்ய விண்ணப்பிப்பது, 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி டீலரின் கடமை. அரசுக்குக் கட்டிய தொகைக்கு ரசீது இருக்கும். ரசீது இல்லாத தொகையைக் கட்டும் கடமை வாங்குபவருக்கு இல்லை.

மூன்றாவது இடம் எக்ஸ்ட்ரா பிட்டிங். இருசக்கர வாகனம் விற்கும்போது இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்ட தலைக்கவசம் ஒன்றைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 கூறுகிறது. பின்னால் அமர்பவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி, கால் வைக்கும் படி, புடவை பின்சக்கரத்தில் சிக்காமல் மறைக்கும் தடுப்பு ஆகியவை வண்டியிலேயே இருக்க வேண்டும் என்பது விதி 123. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் தயாரிப்பாளர் பொறுப்பு. சாரி கார்டு, ஹெல்மெட், நம்பர் பிளேட் என்று தனித்தனியாக விலை போட்டிருந்தால், இந்த விதிகளைச் சொல்லி அந்த வரிகளை நீக்கக் கேட்கலாம்.

சீட் கவர், கிராஷ் கார்டு, மிதியடி, டேங்க் கவர், பாலீஷ் ஆகியவை விருப்பத்துக்கு உரியவை. ஷோரூமில் ஒரு விலையும் பென்னாகரம் கடைத்தெருவில் வேறொரு விலையும் இருக்கும். தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். "எல்லா வண்டியிலும் மாட்டித்தான் வருது, கழட்ட முடியாது" என்று சொன்னால் அந்தப் பொருளுக்கான பணத்தைக் கழிக்கக் கேட்பது நியாயம்.

டீலரின் கணக்கு

நியாய விலை என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எக்ஸ்-ஷோரூம் விலையில் டீலருக்கு நிற்கும் பங்கு சிறியது. கடை வாடகை, ஊழியர் சம்பளம், இருப்புக்கு வாங்கிய கடனின் வட்டி எல்லாம் அதிலிருந்தே போக வேண்டும். "இதுல எனக்கு ஒண்ணும் நிக்காது" என்று அவர் சொல்வது பல நேரங்களில் வண்டியின் விலையைப் பொறுத்தவரை உண்மைக்கு அருகில் இருக்கும். அவருடைய வருமானத்தின் கணிசமான பகுதி காப்பீட்டுக் கழிவு, பைனான்ஸ் நிறுவனம் தரும் கழிவு, எக்ஸ்ட்ரா பிட்டிங், சர்வீஸ் ஆகியவற்றிலிருந்து வருகிறது. ஆகவே இருசக்கர வாகனத்தின் எக்ஸ்-ஷோரூம் விலையில் பெரும் தள்ளுபடியை எதிர்பார்ப்பதைவிட, இந்த மற்ற வரிகளில் பேசினால் பலன் அதிகம். காரில் விலைத் தள்ளுபடிக்கே இடம் உண்டு. ஆனால் மாதக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல் உள்ள மாடலுக்கு எந்தக் கடையிலும் விலை இறங்காது.

எப்போது வாங்குவது என்பதும் விலையைத் தீர்மானிக்கிறது. டீலருக்குக் கம்பெனி மாதத்துக்கும் காலாண்டுக்கும் விற்பனை இலக்கு வைக்கிறது. இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை உண்டு. எனவே மாதக் கடைசி வாரத்தில், குறிப்பாக மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாத இறுதிகளில், விட்டுக்கொடுக்கும் மனநிலை கூடும். தமிழ்நாட்டில் இதற்கு மேல் இன்னொரு காரணமும் சேர்கிறது. ஆடிப்பெருக்கு நாள் நீங்கலாக ஆடியிலும், மார்கழியிலும் வண்டி எடுக்கப் பலர் தயங்குவதால் அந்த மாதங்களில் ஷோரூம்களில் கூட்டம் குறைவு. டிசம்பர் நடுவில் மார்கழி பிறக்கிறது. அதே வாரங்களில்தான் அந்த ஆண்டின் இருப்பை டிசம்பர் 31க்குள் தள்ளிவிட டீலர் முயல்வார். நாள் பார்க்காதவருக்கு ஆண்டிலேயே நல்ல பேரம் கிடைக்கும் காலம் அது.

அதற்கு ஒரு விலையும் உண்டு. டிசம்பரில் தயாரான வண்டி ஜனவரி பிறந்ததும் ஏட்டளவில் ஒரு வயது கூடியதாகிவிடும். விற்கும்போது மதிப்புக் குறையும். பத்தாண்டு ஓட்டப் போகும் விவசாயிக்கு இது பெரிய நட்டம் இல்லை. மூன்று ஆண்டில் மாற்ற நினைப்பவர், கிடைக்கும் தள்ளுபடி அந்த இழப்பை ஈடுகட்டுகிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

தவணைக் கணக்கு

கடனில் வண்டி எடுப்பவர், பேரத்தில் வென்றதையெல்லாம் வட்டியில் இழந்துவிட வாய்ப்பு உண்டு. "மாசம் எவ்வளவு கட்டுவீங்க?" என்று ஷோரூமில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொன்ன உடனே வண்டியின் விலை, வட்டி, காலம் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தவணையைக் குறைத்துக் காட்டக் காலத்தை நீட்டினால் போதும். மொத்தமாகக் கட்டும் பணம் ஏறும். ஆகவே முதலில் ரொக்க விலையை முடிவு செய்ய வேண்டும். கடன் பேச்சு அதற்குப் பிறகு.

வட்டியைச் சொல்லும் முறை இரண்டு. ஒன்று, தொடக்கத் தொகைக்கே கடைசி வரை வட்டி போடும் பிளாட் வட்டி. மற்றொன்று, கட்டக் கட்டக் குறையும் அசலுக்கு மட்டும் போடும் வட்டி. 80,000 ரூபாய்க் கடனை 3 ஆண்டில், 10 விழுக்காடு பிளாட் வட்டியில் கட்டினால் வட்டி 24,000. மாதத் தவணை 2,889 ரூபாய். அதே 10 விழுக்காடு குறையும் அசலுக்கு என்றால் தவணை சுமார் 2,581 ரூபாய். வட்டி சுமார் 12,930. வேறுபாடு 11,000 ரூபாய்க்கு மேல். 10 விழுக்காடு பிளாட் என்பது உண்மையில் ஏறக்குறைய 18 விழுக்காட்டு வட்டி.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இந்திய ரிசர்வ் வங்கி ஒரு வழி செய்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் தரப்படும் சில்லறைக் கடன்களுக்கு, வங்கியும் பைனான்ஸ் நிறுவனமும் கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய கே.எஃப்.எஸ். என்ற தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். வட்டி, செயலாக்கக் கட்டணம், பிற பிடித்தங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு விகிதம், ஏ.பி.ஆர். என்ற பெயரில் அதில் இருக்கும். இரண்டு கடன்களை ஒப்பிட அந்த ஒரு எண் போதும். ஷோரூமில் உட்கார்ந்திருக்கும் பைனான்ஸ் ஆளின் ஏ.பி.ஆர்.ஐயும், கணக்கு வைத்திருக்கும் வங்கி அல்லது கூட்டுறவு வங்கி சொல்லும் ஏ.பி.ஆர்.ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். வெற்றுத் தாளிலும் நிரப்பாத காசோலையிலும் கையெழுத்திடக் கூடாது.

பழைய வண்டியைக் கொடுத்து வாங்கும்போது

எக்ஸ்சேஞ்சில் இரண்டு வியாபாரங்கள் ஒரே மேசையில் நடக்கின்றன. பழைய வண்டிக்கு 5,000 ரூபாய் கூட்டிக் கொடுத்துவிட்டு, புது வண்டியின் தள்ளுபடியில் அதை எடுத்துக்கொள்வது எளிது. எனவே புது வண்டியின் விலை உறுதியான பிறகே பழைய வண்டியைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு முன்பே தருமபுரியிலோ பென்னாகரத்திலோ உள்ள டூவீலர் கன்சல்டிங் கடைகள் இரண்டில் விலை கேட்டு வைத்திருந்தால், கடையில் சொல்லும் விலை சரியா என்று தெரிந்துவிடும்.

பணத்தைவிட முக்கியமானது பெயர் மாற்றம். பழைய வண்டி ஆர்.சி.யில் பழைய பெயரிலேயே ஓடினால், அபராதமும் விபத்து வழக்கும் பழைய உரிமையாளரின் வாசலுக்கே வரும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பழைய வாகனங்களை வாங்கி விற்க அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்ததை 29சி படிவம் மூலம் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்க முடியும். ஒப்படைத்த நாள், நேரம் குறித்த ரசீதையும் வாங்கி வைப்பது பாதுகாப்பு.

பேசும் முறை

தருமபுரி மாவட்ட மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது பழைய வழக்கம். ஷோரூம் பேரத்துக்கு அதன் நேரெதிர் முறையே உதவும். எல்லாமே வெளிச்சத்தில், எழுத்தில் இருக்க வேண்டும்.

முதல் வேலை, வரிவாரியான கொட்டேஷன் வாங்குவது. கடையின் பெயர், நாள், வண்டியின் மாடல், நிறம், ஒவ்வொரு தொகையும் தனித்தனியாக, தள்ளுபடி எவ்வளவு, எதுவரை செல்லும் என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். விசிட்டிங் கார்டின் பின்னால் எழுதித் தரும் மொத்தத் தொகை கொட்டேஷன் ஆகாது.

இரண்டாவது, ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று இடங்களில் கேட்பது. தாலுகா ஊர்களில் பெரும்பாலும் கிளைகளோ சப்-டீலர்களோ இருப்பார்கள். முதன்மை டீலர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், ஓசூர் போன்ற ஊர்களில் இருப்பார்கள். சப்-டீலர் வழியாக வரும் வண்டியில் இருவரும் லாபத்தைப் பகிர்ந்துகொள்வதால் தள்ளுபடி குறையலாம். மறுபக்கம், இலவச சர்வீஸ்களுக்கும் வாரண்டிக்கும் ஒவ்வொரு முறையும் சேலத்துக்குப் போய் வரும் செலவும் ஒரு நாள் கூலியும் கணக்கில் சேர வேண்டும். வெளியூர் கொட்டேஷனைக் காட்டி உள்ளூர்க் கடையில் விலையை இறக்குவது பெரும்பாலோருக்கு ஏற்ற வழி. எங்கே வாங்கினாலும் தருமபுரி முகவரிக்கு டி.என். 29 என்ற எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம். பெங்களூரில் எடுக்கும் வண்டியைத் தமிழ்நாட்டில் பதிந்தால், ஆயுட்கால வரி தமிழ்நாட்டுக்கு உரியது; கர்நாடக வரி போட்ட ஆன்ரோடு விலையோடு அதை ஒப்பிடக் கூடாது.

மூன்றாவது, கேள்வியின் வடிவம். "கடைசி விலை என்ன?" என்று கேட்டால் பதில் ஒரு எண்ணோடு முடிந்துவிடும். "இந்த வரி எதற்கு? ரசீது உண்டா? கம்பெனி தரும் ஆஃபர் எவ்வளவு, கடை தருவது எவ்வளவு?" என்று கேட்டால் ஒவ்வொரு வரியும் பேச்சுக்கு வரும். கம்பெனியின் சலுகையை மட்டும் காட்டிவிட்டுக் கடையின் பங்கைச் சொல்லாமல் விடுவதும், பணியாளர் சலுகை, பழைய வாடிக்கையாளர் சலுகை போன்றவற்றைக் கேட்பவருக்கு மட்டும் தருவதும் நடப்பதுண்டு.

நான்காவது, அவசரப்படாமை. "இன்னைக்கே புக் பண்ணினாதான் இந்த விலை" என்பது முடிவெடுக்கத் தூண்டும் பேச்சு. சலுகையின் கடைசி நாள் கொட்டேஷனில் எழுதப்பட்டிருந்தால் அந்த நாள் வரை நேரம் இருக்கிறது. குடும்பத்தோடு போய், சாவியை வாங்கிப் பூசை போட நாள் குறித்துவிட்டு விலை பேசினால் பேச்சில் வலு இருக்காது. விலை முடிந்த பிறகே நாள் பார்க்க வேண்டும்.

டிராக்டரும் சரக்கு வண்டியும்

டிராக்டரில் பேரத்துக்கு இடம் மிகுதி. விலையும் இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் மாறும். 6 லட்சம் ரூபாய் அடிப்படை விலையுள்ள டிராக்டருக்கு வரி 12 விழுக்காடாக இருந்தபோது 6,72,000, இப்போது 6,30,000. இந்த 42,000 ரூபாய் விலையில் தெரிகிறதா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். மேற்கூரை, பம்பர், இழுவைக் கொக்கி, கருவிப் பெட்டி ஆகியவை சொன்ன விலைக்குள் அடங்குமா என்பதை எழுதி வாங்க வேண்டும். கலப்பை, ரோட்டவேட்டர் சேர்த்து ஒரே விலை சொன்னால் பிரித்துக் கேட்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் கிடைக்கும் காலமா என்பதை வட்டார அலுவலகத்திலோ உழவன் செயலியிலோ பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். வாங்கிய பிறகு விண்ணப்பித்தால் மானியத்தை இழக்க நேரும். அறுவடைக்கு ஏற்ற அரையாண்டுத் தவணை கேட்பதும் விவசாயிக்குப் பொருந்தும்.

காய்கறியும் பாலும் ஏற்றும் 'சின்ன யானை' போன்ற சரக்கு வண்டிகளுக்கு வரி, காப்பீடு, தகுதிச் சான்று எல்லாம் வேறு. சொந்தக் கார் வாங்கியவரின் கணக்கை அதற்குப் பயன்படுத்த முடியாது.

பணம் கட்டும்போதும் வண்டி எடுக்கும்போதும்

அட்வான்ஸ் தொகைக்குக் கடையின் பெயர் அச்சிட்ட ரசீது வேண்டும். புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதும் அதில் இருக்க வேண்டும். பணம் கடையின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், விற்பனைப் பணியாளரின் சொந்த எண்ணுக்குப் போகக் கூடாது. 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விற்பவர் வசூலிக்கும் டி.சி.எஸ். என்ற வரியை 1 விழுக்காடு பிடித்தால் அது செலவு ஆகாது. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும்.

வண்டியை எடுக்கும் முன் அது எப்போது தயாரானது என்று பார்க்க வேண்டும். விற்பனைச் சான்றான 21ஆம் படிவத்தில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 3524 என்றால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். மாதக்கணக்கில் வெயிலில் நின்ற வண்டிக்குப் புது வண்டியின் விலை நியாயமாகாது. நம்பர் பிளேட் மாட்டாமல் புது வண்டியை ஒப்படைக்கக் கூடாது என்பதும் சட்டம்.

ஏமாற்றப்பட்டால்

வரிவாரியான கொட்டேஷன், ரசீதுகள், பில், கே.எஃப்.எஸ். ஆகியவை கையில் இருந்தால் வாங்கியவருக்கு வழி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடன் குறித்த புகாருக்கு முதலில் அந்த நிறுவனத்திடமும், அங்கே தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர் அமைப்பிடமும் போகலாம். அதற்கான எண் 14448. காப்பீட்டுப் புகாருக்கு 155255.

இவற்றில் தீராதவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவருக்கு மூன்று வசதிகளைத் தந்திருக்கிறது. வண்டியை ஓசூரில் வாங்கினாலும் பெங்களூரில் வாங்கினாலும், பென்னாகரத்தில் குடியிருப்பவர் தம் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் தாமே வாதாடலாம். சரக்கு வண்டியைத் தம் பிழைப்புக்காகச் சொந்தமாக ஓட்டுபவரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோரே. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். அதுவரை கொட்டேஷன் முதல் கடைசி ரசீது வரை ஒரு தாளையும் தொலைக்காமல் வைத்திருப்பது வண்டி வாங்கிய ஒவ்வொருவரின் பொறுப்பு.